திருப்பதி போகாத மொட்டை

வேங்கிக்கால்,
16.2.2003

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி சினேகாவும் நலம்தானே. இங்கே நாங்கள் சுகம். ஒன்பது மாதமாக இந்த வரியை உன் மனசுக்காகச் சும்மா எழுதினேன், இன்றைக்குத்தான் நிஜமாக எழுதுகிறேன். வியாழக்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு எங்கேயும் கட்டி இல்லை, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் உங்க அப்பா முன்சீட்டு பின்சீட்டு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் தடுக்கவில்லை.

ஆறு தடவை கீமோ ஊசி போட்டபோது பட்ட பாட்டை உனக்கு முழுசாக எழுதவில்லை. தாளிக்கிற வாசனைக்கே குமட்டும், வாயெல்லாம் புண், தண்ணீர்கூட எரியும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், நீ சிங்கப்பூரில் பிள்ளை பெற்றபோது பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் இங்கே வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் தாங்கவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன், உங்க அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது ரசம் சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை மட்டும் முழுசாகத் தூக்க வரவில்லை, சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பழகுகிறேன், நேற்று காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டேன். இன்று பௌர்ணமி, ஊர் கொள்ளாத கூட்டம், நானும் மலை சுற்றுகிறேன் என்றால் உங்க அப்பா விடவில்லை.

ஒரு கூத்து கேள். முதல் ஊசிக்கு அப்புறம் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்ததால் வழித்துவிட்டோம். பக்கத்து வீட்டு அருணகிரி சம்சாரம் பார்த்துவிட்டு, திருப்பதி போயிட்டு வந்தீங்களாக்கா, சொல்லவே இல்லையே, லட்டு எங்கேன்னு கேட்டாள். எனக்கு வியாதியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உங்க அப்பா பின்வாசல் வழியாக ஓடி ஸ்வீட் கடையில் லட்டு வாங்கிவந்து கொடுத்தார், அவளும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் கஞ்சியோ மோரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், ஏன் என்று நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வந்ததும் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அன்னிக்கே தெரியும்க்கா, அந்த லட்டுல பச்சைக் கற்பூர வாசனையே இல்ல, நீங்களா சொல்றவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன் என்றாள். அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதோடு விட்டாளா, பெருமாள் பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டீங்க, ஒரு நட போய் நெசமாவே முடி குடுத்துட்டு வந்துடுங்கன்னு பிடித்துக்கொண்டாள். மாட்டவே மாட்டேன் என்றேன். ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறது, அதுவும் சுருட்டையாக, எனக்கு ஜென்மத்தில் சுருட்டை இருந்ததில்லை. முன்னால் போனதையே காணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டேன்.

எல்லோருக்கும் அண்ணாமலையார் துணை, நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் தேதியை உடனே எழுது. ஏப்ரலில் சினேகாவுக்கு ஒன்பதாம் மாதம், உன் தம்பி கோபி மடியில் உட்காரவைத்து அவளுக்கு மொட்டை போடலாம். எனக்கு இல்லை. கைக்குழந்தை முடியைப் பிடித்து இழுக்கிறதென்று ஊரில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள், நான் அவள் இழுப்பதற்காகத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசிகளுடன் உன் அம்மா,
ஜோதியம்மாள்