ஒரு கட்டை கீழே

4 செப்ரெம்பர் 2025, வியாழன். ஹொல்ம்லியா, ஓஸ்லோ

இன்றும் எங்கள் வீட்டில்தான் ஒத்திகை. கீழ்த்தளத்து நோர்வேஜியப் பெண் ஏறி வந்து மணியை அழுத்தும் வரை 'துருவதாளம்' ஓயவில்லை. இந்தப் பெயரை வைத்த மகான் குகநேசன். ஹொல்ம்லியாவுக்கும் துருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அவனிடம் கேட்டதில்லை. தாளத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டதில்லை. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

இசைக்குழு என்பது மூன்று பேர். குகநேசன் லோறென்ஸ்கூக் பக்கம் பஸ் ஓட்டுகிறவன், மேடையில் கிற்றார் தொங்கவிடுகிறவன். அதன் வயர் ஸ்பீக்கர் வரை போகிறது, ஸ்பீக்கருக்குள் போவதில்லை. மார்க்கஸ் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். றம்ஸ் அடிக்கிறான், ஆனால் சத்தமே எழுப்பாத ரப்பர் தட்டுகளில். மூன்றாவது ஆள் என் மனைவி அனஸ்ரேசியா. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடி வந்தவள். ஒரு கலியாண வீட்டில் குகநேசன் அவள் கையில் மைக்கைக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் பாடகி. இந்தக் கூட்டத்தில் உண்மையில் ஏதாவது செய்வது அவள் ஒருத்திதான். மற்றச் சத்தமெல்லாம் கரோக்கி.

அந்தக் கரோக்கியை லப்டொப்பில் தொடக்கிவிடுகிறவன் நான். முன்பு அதைச் செய்த இரவீந்திரனுக்குத் தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் வேலை கிடைத்துவிட்டது. "மாஸ்ரர், நீங்கள் கணக்கு வாத்தியார். பிசகாமல் அமத்துவியள்" என்றான் குகநேசன். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்தது.

7 செப்ரெம்பர், ஞாயிறு

அவளுடைய மேடைச் சேலைகளுக்கு ஒரு பெரிய பெட்டி. என் உடுப்புக்கு அதன் வெளிப்பை.

12 செப்ரெம்பர், வெள்ளி. ஜெர்மனிக்கு, கீல் போகும் கப்பல்

நாங்கள் வந்த வான் அடித்தளத்தில் கார்களோடு நிற்கிறது. குகநேசன் மேல்தளத்தில் காற்றில் தலைமுடியைப் பறக்கவிட்டு முகநூலில் நேரலை செய்கிறான். "அன்பான உறவுகளே, எங்கள் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ஆரம்பம்." சுற்றுப்பயணமாம். டோட்முண்டில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பாரிஸில் ஒரு ஊர்ச்சங்கத்து ஒன்றுகூடல், சூரிச்சில் யாரோ ஒருவருடைய கலைமாலை. அந்த நிகழ்ச்சிக்கு இவனை இன்னும் அழைக்கவுமில்லை, பேசிக்கொண்டிருக்கிறான்.

அனஸ்ரேசியா என்னைக் கூப்பிட்டு நேரலையில் நிற்கச் சொன்னாள். நின்றேன். "எங்கட தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்ரர்" என்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

14 செப்ரெம்பர், ஞாயிறு. டோட்முண்ட்

சாமத்தியப் பிள்ளையை ஒரு செயற்கை அன்னத்தில் ஏற்றி, புகை விட்டு, மண்டபத்துக்குள் இழுத்து வந்தார்கள். பிள்ளை இருமிக்கொண்டே வந்தது. பாட்டு தொடங்கியதும் சனம் எழும்பியது. எனக்கு மகிழ்ச்சி, பிறகுதான் பார்த்தேன், மேசையில் சாப்பிட றோல்ஸ் வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் எழுத வேண்டியது இதுவல்ல.

அவளுடைய பிரதான பாட்டு ஒரு பழைய படப் பாட்டு. சரணத்தில் ஓரிடத்தில் குரல் மேலே போய் அங்கேயே சிறிது நேரம் நிற்க வேண்டும். அந்த இடம் வந்தபோது அனஸ்ரேசியா சிரித்தபடி மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினாள், நீங்கள் பாடுங்கள் என்பதுபோல. ஒருவரும் பாடவில்லை. கரோக்கி மட்டும் வெறுமையாக ஓடியது. மேசைகளில் யாரும் கவனிக்கவில்லை. குகநேசன் கண்ணை மூடிக்கொண்டு ஒலிக்காத கிற்றாரில் உருகிக்கொண்டிருந்தான்.

நான் கவனித்தேன். மைக்கைத் திருப்புவதற்கு முன்னால் அவள் முகத்தில் ஒரு கணம் வந்த பயத்தைக் கண்டேன். அவளுக்கு மேலே எட்டவில்லை.

16 செப்ரெம்பர், செவ்வாய். டோட்முண்ட்

குகநேசனின் மச்சாள் வீட்டு நிலக்கீழ் அறை. ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற இயந்திரம், மறுபக்கம் கலைஞர்கள்.

லப்டொப்பில் ஒரு வசதி இருக்கிறது. கீழ்நோக்கிய அம்பை ஒருமுறை அழுத்தினால் பாட்டின் சுருதி அரைக் கட்டை இறங்கும். இருமுறை அழுத்தினால் ஒரு கட்டை. வேகம் மாறாது. பாடகி மேலே ஏற வேண்டிய தூரம் குறையும். காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு கட்டை இறங்கியது சாதாரணக் காதுக்குத் தெரியாது.

அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். என்னவென்று சொல்வது? உமக்குக் குரல் குறைஞ்சு போச்சுது என்றா? அரிசி குழைந்துவிட்டது என்று சொல்லவே நான் ஒருநாள் யோசிக்கிறவன்.

20 செப்ரெம்பர், சனி. பாரிஸ்

இருமுறை அழுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி எப்படி என்றால்: ஊர்ச்சங்கத் தலைவர் பேசினார், முன்னாள் தலைவர் பேசினார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் குத்திப் பேசினார்கள். அறிவிப்பாளர் தமிழ்நாட்டுப் பையன். "அடுத்து நம்ம ஓஸ்லோ சிஸ்டர் வர்றாங்க, ஒரு பெரிய அப்ளாஸ் குடுங்க" என்றான். முன்வரிசையில் ஒரு கிழவர், "இவன் என்ன சொல்லுறான்?" என்று பக்கத்தில் கேட்டார்.

அனஸ்ரேசியா பாடினாள். சரணம் வந்தது. மைக்கை அவள் திருப்பவில்லை. மேலே போனாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். றோல்ஸ் தட்டோடு நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஊர்ச்சங்கத்தின் இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டியதை அங்கே யாரும் இதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள்.

தெருவில் நிறுத்தியிருந்த வானுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, கேட்டனீங்களே? நான் முடிஞ்சுதெண்டு நினைச்சனான். போன கிழமை எனக்கு நெஞ்செல்லாம் நடுங்கினது. உங்களுக்குச் சொல்லேல்லை."

"கேட்டனான்" என்றேன்.

21 செப்ரெம்பர், ஞாயிறு. பாரிஸ்

சூரிச்சிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. யாரோ போட்ட வீடியோவை அங்கே இசைக்குழு வைத்திருக்கும் இந்திரகுமார் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை கலைமாலையில் அனஸ்ரேசியா பாட வேண்டுமாம். அவருடைய ஆட்கள் உண்மையாகவே வாசிப்பார்களாம். "கரோக்கி எங்கட மேடையிலை ஏறாது" என்றாராம்.

அவள் உடனே சம்மதித்தாள். அதே பாட்டு, அதே மூலச் சுருதி என்றாள். பாரிஸில் பாடிய சுருதிதான் மூலச் சுருதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்துவிட்டேன்.

24 செப்ரெம்பர், புதன். பாரிஸ்

குகநேசன் காலையில் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். நரம்பு பிசகிவிட்டதாம். சூரிச்சில் கிற்றார் வாசிக்க முடியாதாம். மார்க்கஸ் என் காதுக்குள், "அங்கிள், வாசிச்சால்தானே பிசகும்" என்றான். சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குகநேசன் தன் கையில்தான் சுற்றினான். நான் அவளுடைய தொண்டையில் சுற்றியிருக்கிறேன், அவளுக்குத் தெரியாமல்.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். தேநீர் குடிக்கும்போது தொடங்கினேன். "இஞ்சரும், அந்தப் பாட்டு..." என்றேன்.

"என்ன அந்தப் பாட்டுக்கு?"

"நல்ல பாட்டு."

கோழை. படித்த கோழை. அதிலும் ஒழுங்காகத் திட்டமிட்டுக் கோழையாக இருப்பவன்.

26 செப்ரெம்பர், வெள்ளி. சூரிச்

இந்திரகுமாருக்கு ரெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொல்லி, நீங்களாகச் செய்வதுபோல ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். "பிரச்சினை இல்லை ஐயா" என்றார். இப்போதுதான் மூச்சு வருகிறது.

28 செப்ரெம்பர், ஞாயிறு. ஓடும் வானுக்குள், எங்கேயோ ஜெர்மனி

எழுத்து கோணுகிறது. வானின் ஆட்டமும் ஒரு காரணம்.

நேற்று மத்தியானம் ஒத்திகை. வயலின், கீபோர்ட், தபேலா, எல்லாம் உண்மையான வயர்களோடு. இந்திரகுமார் எல்லோருக்கும் முன்னால், மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "அக்கா, ஐயா போன் எடுத்தவர். உங்களுக்கு ஒரு கட்டை இறக்கட்டாம். பாரிஸிலையும் அப்பிடித்தானாம்."

அந்த மனிதனைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அவர் பொய்யைப் பழகாதவர், அவ்வளவுதான்.

அனஸ்ரேசியா என்னைப் பார்த்தாள். "பாரிஸிலையோ?"

நான் லப்டொப் பையைப் பார்த்தேன். அதற்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"உள்ள சுருதியிலையே வாசியுங்கோ தம்பி" என்றாள். ஒத்திகையில் அந்தச் சரணத்தை மட்டும் அவள் பாடவில்லை.

மேடையில் பாடினாள். சரணம் வந்தது. மைக்கைத் திருப்புவாள் என்று பார்த்தேன், திருப்பு, திருப்பு என்று மனதுக்குள் சொன்னேன். திருப்பவில்லை. மேலே போனாள், குரல் பிளந்தது. சேலை கிழிகிற மாதிரி. மண்டபம் முழுக்கக் கேட்டது.

சனம் கைதட்டியது. இரக்கமாம். அதைவிடக் கூவிக் கேலி செய்திருக்கலாம். குகநேசன் துணி சுற்றிய கையை உயர்த்தி உயர்த்தித் தட்டினான். நரம்பு அதற்குள் சுகமாகிவிட்டது.

அவள் கை காட்டி வாத்தியங்களை நிறுத்தினாள். மைக்கிலேயே சொன்னாள்: "தம்பி, ஒரு கட்டை இறக்குங்கோ. முதல்லையிருந்து பாடுறன்."

பாடினாள். பாரிஸைப்போல இல்லை. ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து ஏறினாள். எட்டியது. முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போனாள்.

இன்று காலை பெற்றோல் போட நின்ற இடத்தில்தான் கதைத்தாள்.

"குரல் போச்சுதெண்டு சொல்லியிருந்தால் அழுதிருப்பன். ஒரு நாள் அழுதிருப்பன், அவ்வளவுதான். இப்ப பாரிஸிலை பாடினது ஆரெண்டே எனக்குத் தெரியேல்லை."

"நான் உம்மை நோகடிக்கக் கூடாதெண்டு..." என்று தொடங்கினேன்.

"என்னை இல்லை. உங்களுக்கு நோகக்கூடாதெண்டுதான் செய்தனீங்கள்" என்றாள். வானில் ஏறி மார்க்கஸின் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

சரிதான். அவ சொன்னது சரிதான். எத்தனை புத்தகம் படிச்சன், ஒரு வசனம் சொல்லத் தெரியேல்லையே எனக்கு.

30 செப்ரெம்பர், செவ்வாய். ஹொல்ம்லியா

வீடு. பெட்டியின் வெளிப்பையிலிருந்து என் உடுப்புகளை எடுத்து மேசையில் மடித்து வைத்திருக்கிறாள்.

4 ஒக்ரோபர், சனி

மார்க்கஸ் வந்து லப்டொப்பை எடுத்துப் போனான். "ஸ்லாப் ஆவ், ஆறுதலாய் இருங்கோ அங்கிள். அன்ரிதான் இதை என்னைப் பாக்கச் சொன்னவ. ரப்பர் தட்டு அடிக்கிற நேரத்திலை இதையும் அமத்தலாம்தானே." வயரை எப்படிச் சுருட்ட வேண்டும் என்று அவனுக்குக் காட்டினேன். பார்க்காமலே பைக்குள் திணித்தான்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

பூசையில் அவள் தனிப்பாட்டு எடுக்கவில்லை. மற்றவர்களோடு நின்று பாடினாள். நான் மூன்று வரிசை பின்னால் இருந்தேன். குருவானவரின் பிரசங்கம் நேர்மையைப் பற்றி. அவர் சொல்வது எல்லோருக்கும் பொதுவானது என்று பக்கத்து ஆள் நித்திரை கொண்டார். எனக்கு அந்த வசதி இல்லை.

பின்னேரம் குகநேசன் சூரிச் வீடியோவை முகநூலில் போட்டிருந்தான். குரல் பிளந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டான். "ஐரோப்பாவை அதிரவைத்த எங்கள் அக்கா" என்று தலைப்பு. அனஸ்ரேசியா அவனுக்கு ரெலிபோன் எடுத்தாள். சமையலறையிலிருந்து கேட்டேன்.

"தம்பி, முதல் பாடினதையும் சேர்த்துப் போடும். இல்லாட்டில் எடுத்துவிடும்."

அவன் ஏதோ விளக்கம் சொன்னான். விளக்கம் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"இல்லைத் தம்பி. பாடினது நான்" என்றாள்.

எடுத்துவிட்டான்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். மழை. "குடை எடுத்தனீங்களே?" என்று கேட்டாள். சூரிச்சுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி. எடுக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தன்னுடையதை என் பக்கம் சாய்த்துப் பிடிக்கவில்லை. ஆனால் மெதுவாக நடந்தாள்.

15 நவம்பர், சனி

அடுத்த கிழமை 'துருவதாளம்' ஸ்தவாங்கருக்குப் போகிறது. இரவீந்திரன் ஒழுங்கு செய்த கலியாணம். நான் போகவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெலிபோனில் கரோக்கி போட்டுப் பாடிப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சரணம் வந்தது. நின்றது. மறுபடியும் தொடங்கியது. மறுபடியும் நின்றது.

கதவு திறந்தது.

"இஞ்சேருங்கோ. இஞ்சை வாங்கோ."

கத்தியை வைத்துவிட்டுப் போனேன். கட்டிலின் ஓரத்தில் இருக்கச் சொன்னாள். என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துப் பாடினாள். ஒரு கட்டை இறக்கித்தான் பாடினாள். மேலே போனாள். கிட்டத்தட்ட எட்டியது. மண்டபத்தில் என்றால் ஒருவருக்கும் தெரியாது. குகநேசனுக்குச் சொன்னாலும் தெரியாது.

"எட்டுதோ?" என்றாள்.

நல்லாயிருக்கு என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எட்டேல்லை" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. ரெலிபோனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழுதாள். நான் எழும்பவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த விதம் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எவ்வளவு?"

"இன்னும் அரைக் கட்டை."

மூக்கைத் துடைத்துவிட்டு அவளே இறக்கினாள். பாடினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எட்டியது அவளுக்கே தெரிந்தது. நான் எழும்பினேன்.

"எங்கை போறியள்? அடுத்த பாட்டையும் கேட்டிட்டுப் போங்கோ."

அடுத்தது குகநேசன் தெரிந்தெடுத்தது. சொல்லுக்கும் மெட்டுக்கும் சண்டை. நடுவில் ஒரு ஆண்குரல் காரணமில்லாமல் சிரிக்கிறது. இப்படி ஒரு குப்பையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

கட்டிலில் இருந்து கடைசி வரை கேட்டேன்.