மாமியாருக்குப் பக்கத்து நாற்காலி

மார்ச் 3
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். போன வருடம் தர்க்கப் பகுதிதான் காலை வாரிவிட்டது. நாற்பது வயதில் எதற்கு இந்த வம்பு? வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடித்து அலுத்துவிட்டது. ஒரு நாளாவது நானே வாதாடி ஜெயிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9
தர்க்கக் கேள்வியில் ஏ, பி, சி என்று வந்தால் மண்டையில் ஏறுவதில்லை. அந்த எழுத்துகளுக்குப் பதிலாக மனசுக்குள் வீட்டு ஆட்களையே உட்கார வைத்துவிட்டேன். ஏ வீட்டுக்காரர், பி நான், சி மாமியார், டி ஓரகத்தி, ஈ கொழுந்தன். விடை கிடுகிடுவென்று வருகிறது!

மார்ச் 15
வரிசையாக ஐந்து நாற்காலி. ஏ ஓரத்தில், பி நடுவில், ஈ ஏ-க்குப் பக்கத்தில். மற்றவர்கள் எங்கே? காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறேன், ஒத்துவரவில்லை. கேள்வியே தப்பு!

மார்ச் 16
கேள்வி தப்பில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மிச்சம் ரெண்டு நாற்காலி காலியாத்தானே இருக்கு? அம்மாவையும் தம்பி பொண்டாட்டியையும் போடு."

"பக்கத்துப் பக்கத்துலயா? ரெண்டு பேரும் பேசியே ஆறு மாசமாச்சு!"

"அது இந்தக் கேள்வியில எங்க இருக்கு?"

அட கடவுளே. மிக்ஸி மூடி உடைந்த சண்டையை நானாகவே கேள்விக்குள் இழுத்து வந்திருக்கிறேன். இப்படி எத்தனை மதிப்பெண் போயிற்றோ!

மார்ச் 22, ஞாயிறு
வீட்டுக்காரர் கூடத்தில் நிஜமாகவே ஐந்து நாற்காலி போட்டார். "அவ பாஸாகணுமா வேணாமா?" என்றதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். நடுவில் நான், அடுத்து ஓரகத்தி, கடைசியில் மாமியார். இருவரும் நேரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமியாரால் பொறுக்க முடியவில்லை.

"உனக்கு ஏதாவது புரியுதாடி?"

"ஒண்ணும் புரியல அத்தை. எதுக்கு உக்காந்திருக்கோம்?"

"அது அவளுக்கே தெரியாது!"

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஓட்டித் தள்ளினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

ஏப்ரல் 12
மாதிரித் தேர்வு. தர்க்கத்தில் இரண்டே தப்பு. இரண்டே!

மே 3
எழுதிவிட்டேன். கேள்வியில் இருந்ததை மட்டும் படித்தேன். ஆனாலும் பயமாக இருக்கிறது.

ஜூலை 13
சட்டக் கல்லூரியில் எனக்கு முதல் நாள். வாசலில் காவலாளி மறித்தார். "பெத்தவங்கள்லாம் வெளிய நில்லுங்கம்மா. ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தான் உள்ள."

"ஸ்டூடண்ட்னா சின்ன வயசாத்தான் இருக்கணுமாண்ணே?"

யோசித்தார். "அப்படியொண்ணும் சொல்லலையே."

"அப்போ என் வயச வச்சு எப்படி முடிவு பண்ணீங்க?"

சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அடையாள அட்டை பையில்தான் இருந்தது. நான் எடுக்கவே இல்லை.