வெள்ளிக்கிழமை வண்டி

அன்பு மகன் முஹம்மது ஆரிபுக்கு, அத்தா சொல்ல உன் தங்கை மரீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்க மாட்டேன், அம்மா அழுதாலும் ஒரு வரியைக்கூட அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவும் நானும் நலம். அத்தாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால்தான் என் கையெழுத்து, பயப்படாதே அண்ணா. போனில் சொன்னால் என்ன என்று கேட்டேன். "போன்ல சொன்னா அவன் நடுவுல பேசுவான், உங்கம்மா அழுவா. தாள்ல இருந்தா கடைசி வரைக்கும் படிச்சுத்தான ஆவணும்" என்றார். தட்டாஞ்சாவடியில் நம் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சார்ஜாவுக்குப் போனபின் உன் பைக்கை விற்கவும் பெயர் மாற்றவும் அம்மா விடவில்லை, பெயரை எடுத்தால் உன்னையே வீட்டிலிருந்து எடுத்தது போல இருக்குமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் அத்தா அதைத் துடைத்து எடுத்துப் போவார். இன்சூரன்ஸ் முடிந்தபோது, "பள்ளிவாசலுக்குப் போயிட்டு வர்ற வண்டிதான, அதுக்கு எதுக்கு" என்றார் அம்மா, அத்தாவும் தலையாட்டினார், நானும் பக்கத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வரும்போது, தொப்பி கசங்கும் என்று ஹெல்மெட்டை வழக்கம்போல இடது பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்தார். கருவடிக்குப்பத்தில் நம் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பியபோது, ஹெல்மெட் கண்ணாடியை மறைத்ததால், பின்னால் சைக்கிளில் வந்த கார்குழலி அக்கா அவர் கண்ணில் படவில்லை. இருவரும் விழுந்தார்கள். தட்டாஞ்சாவடியில் தையல் கம்பெனியில் வேலை செய்கிற அக்கா அவர், வலது கால் எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். தன் கை வீங்கியதைப் பார்க்காமல் அத்தாதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "ஓடிப் போவாம நின்னீங்களே பாய், அதுவே பெருசு. ஆனா தையல் மெஷினை மிதிக்கிறது என் காலு, உங்க நல்ல மனசு இல்ல."

அன்று மாலையே அடுத்த பட்டறை சிலம்பரசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "பாய், என் வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருக்குது. அதுதான் மோதுச்சுன்னு சொல்லிடலாம். அந்தப் பொண்ணுக்கும் பணம் கெடைக்கும், உங்க புள்ள பேரும் வராது, யாருக்கு என்னா நஷ்டம்?" என்றார். வண்டி உன் பெயரில் இருப்பதால் கோர்ட் சொல்லும் நஷ்டஈடு உன் தலையிலும் விழும் என்று சொன்னதும் அவர்தான். அம்மா அத்தாவின் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அத்தா மட்டும் அசையவில்லை. "பொய் உடைஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். அப்புறம் அந்தப் பொண்ணுக்கு ஒத்தக் காசு வராது. தப்பு என்னுது, நான் கட்டுறேன்" என்றார். "அப்ப பட்டறை மெஷினை வித்துட்டு தெருவுல நில்லுங்க" என்று கத்திவிட்டுப் போனார் சிலம்பரசன் அண்ணன். மறுநாள் கார்குழலி அக்காவுக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனதும் அவர்தான்.

அத்தா கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவும், அக்கா மறுபடி மெஷினில் உட்காரும் வரை சம்பளமும் தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மா இப்போது பெயரை மாற்றிவிடலாம் என்கிறார். இப்போது மாற்றினால் தப்பிக்கப் பார்த்தது போல ஆகும், வழக்கு முடியட்டும் என்கிறார் அத்தா. உனக்கு நோட்டீஸ் வந்தால் யார் கேட்டாலும் இதையே சொல், மாற்றிச் சொல்லாதே. அம்மா மேல் கோபப்படாதே. நீ பணம் அனுப்ப வேண்டாம். அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாயே, அந்த வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு, அது போதும். "மொதலாளி பாத்துக்குவாருன்னு கதை உடாத, உன் கண்ணால பாரு" என்று அத்தா இரண்டு முறை சொல்லிவிட்டார். கண்ணாடியில் எதையும் மாட்டாதே. தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு, சாப்பாடு ஆறினால் ஆறட்டும். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், துஆவில் கார்குழலி அக்காவையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு உன் அத்தா,
பக்ருதீன் (இடது கையால் போட்டது, கோணலாக இருந்தாலும் அவருடையதுதான்)

நம் பெரிய வெல்டிங் மெஷினை விலைக்கு வாங்கியவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார், அதுதான் கையெழுத்துக்குத் தாமதம். அத்தாவும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். லாரி கேட்டைத் தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு, மெஷின் இருந்த இடத்தைப் பெருக்கி, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டார்.