அம்மாவின் பழைய நடை

மார்கரி,
நவம்பர், முதல் பனி விழுந்த மறுநாள்

அன்புள்ள தம்பி லாக்லனுக்கு,

அக்கா உர்சுலா எழுதுவது. அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் எப்படி முடிந்தது, அதைத் தெரிந்துகொண்டுதான் உன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி முடிவெடுக்கப்போவதாகச் சொல்லி, இரண்டு முறை கேட்டுவிட்டாய். இரண்டு முறையும் மழுப்பினேன். ஃபோன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அதற்கு அடியில்தான் அப்பாவின் நாற்காலி. அவர் காதில் விழாமல் இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு ஃபோன் செய்தால் வானிலையைப் பற்றிப் பேசு, போதும்.

முதலில் நல்ல செய்தி. ஹாலிஃபாக்ஸில் என் வேலையே இதுதான் என்பது உனக்குத் தெரியும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களை ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டு, வலி எப்படி, குனிந்து காலுறை போட முடிகிறதா, கடைக்கு நடந்து போகிறீர்களா என்று கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். எங்கள் கேள்விகளில் எதைக் கேட்டாலும் அம்மா அந்தக் கூட்டத்தில்தான் சேர்வாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கெட்டுப்போன இடுப்பு அது. கல்யாணத்துக்கு முன்பே வந்த நொண்டல். ஒரு கால் அழுத்தி ஊன்றும், மற்றது தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நீயும் நானும் வளர்ந்தோம். அது இப்போது இல்லை. குட்டையாக இருந்த காலை டாக்டர் சமப்படுத்திவிட்டார். வாக்கரை விட்டு, கைத்தடியை விட்டு, சீராக, லேசாக நடந்தாள். அடுத்த வீட்டு டெல்லா வந்து பார்த்துவிட்டு, "மோராக் அக்கா, இந்த நடைக்கு நீ புதுசா ஒரு மாப்பிள்ளையே பாக்கலாம்! இந்தக் கிழவரை எனக்குக் குடுத்துடு, மாடு மேய்க்க ஆள் இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவின் பார்வை நீ கோடையில் பார்த்ததைவிட மோசம். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அதற்கு முன்னால் நிற்பது யார் என்று தெரிவதில்லை. ஆனால் அதனால் அவர் தடுமாறுவதும் இல்லை. நம் ஊரில் யார் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள்? சமையலறைப் பக்கம் இரண்டு மரப்படி ஏறுவதற்குள் காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். "வா டெல்லா, ஷூவுல இருக்கற சேத்தை வெளியிலயே தட்டிடு" என்பார், அவள் இன்னும் வாசலுக்கே வந்திருக்க மாட்டாள்.

அம்மா கைத்தடி இல்லாமல் முதன்முதலாக அவருக்கு டீ கொண்டுபோன அன்று நான் அடுப்பருகே இருந்தேன். அவர் தலையைத் திருப்பினார். சர்ச்சில் புதியவர்களைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்த மரியாதையான சிரிப்பு. "நன்றிங்க அம்மணி. நீங்க எந்த வீட்டுப் பொண்ணு? எங்க வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டார். கேலி என்று நினைத்து அம்மாவும், "உங்களைப் பாத்துக்கச் சொல்லி ஆட்டவா சர்க்கார்லேர்ந்து அனுப்பியிருக்காங்கய்யா. ஆறறதுக்குள்ள குடிங்க" என்றாள். அவர் குடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவள் கொண்டுவந்த எதையும் அதன் பிறகு தொடவில்லை. நான் வைத்தால் சாப்பிடுவார்.

மூளை தடுமாறுகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா சரியான பதில் சொன்னார், பிரதமர் பெயரோடு ஒரு வசவையும் சேர்த்து. வரும் வழியில் வண்டியில், "அப்பா, அது அம்மாவோட குரல் இல்லையா?" என்று கேட்டேன். "குரல் அவளோடதுதான் மகளே. முகத்துல கை வச்சுப் பாத்தேன், முகமும் அவளோடதுதான். குரலை யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். பக்கத்துப் பண்ணை டங்கி செத்து மூணு மாசம் கழிச்சு அவன் குரலைக் குதிரைக் கொட்டாயில கேக்கலையா நாங்க? காலடியை மட்டும் யாராலயும் எடுத்துக்க முடியாது. அது ஆளோட போறது" என்றார். கோபமே இல்லாமல், மீன் விலை சொல்வதுபோல.

உனக்கு என்னைத் தெரியும். சாவுக்கு முன்னால் வாசலில் கேட்கும் காலடி, ஜன்னலில் கேட்கும் தட்டல் என்று இந்த ஊரில் பாதிப் பேர் கதை சொல்லும்போது எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறவள் நான். ஒரு ஆயுள் முழுக்க ஒரே சத்தத்தால் மனைவியை அறிந்த மனிதர், அந்தச் சத்தம் மாறியதும் குழம்புகிறார், பழகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பிறகுதான் மாடிச் சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு படியேற வேண்டாம் என்று அம்மாவுக்கு முன்னறையில் கட்டில் போட்டோம். அப்பா சமையலறைச் சோபாவிலேயே படுத்துக்கொள்கிறார். நான் அவருக்குப் பக்கத்துச் சின்ன அறையில். விறகு மிச்சமாகட்டும் என்று மாடியை அடைத்துவிட்டோம். ஒரு மத்தியானம், அம்மா மேஜையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா விரலை மேலே காட்டி, "மோராக் மேலதான் இருக்கா. பெரிய ரூமுல கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கறா. இந்த அம்மணி கெளம்பினதும் இறங்கி வருவா" என்றார். அம்மாவின் கத்தி நின்றது. எனக்கும் கேட்டது, லாக்லன். மரம் அதிரும் ஒரு சத்தம், பின்னால் ஒரு தேய்ப்பு. மேலே போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். போர்வை போர்த்திய கட்டில், குளிர்ந்த அறை, வேறொன்றுமில்லை. அடுப்புப் புகைக்குழாய் மாடி வழியாகத்தான் போகிறது, சூட்டில் பலகைகள் விரியும் என்று அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தத் தகரக் குழாய்க்கு எப்போலேர்ந்து இடுப்பு வலி?" என்றார்.

அடுத்த வாரம் டெல்லாவோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பழைய நடை. அம்மா அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் நொண்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கையால் கொடுத்த மீன் வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னறைக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சத்தம் போட்டேன். இப்படி நடந்தால் புது இடுப்பைச் சுற்றியிருக்கும் தசை கெட்டுப்போகும், மற்ற இடுப்பும் போகும், விழுந்து எலும்பு உடைந்தால் இந்த வயதில் எழுந்திருக்கவே முடியாது என்று நடைப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். "இன்னிக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாருடி. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. நல்ல நடையை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட நடந்து போகறது, சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து அவர் இருக்கும் இடத்தில் நொண்டினாள். ஒரு நாள் சூடான அடுப்பின்மேல் சாயப் போனாள், நான்தான் பிடித்தேன். வலி திரும்பிவிட்டது. மாத்திரையை எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டாள்.

மாடியில் நொண்டல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டது. சீரான, லேசான, அவசரமில்லாத நடை. குழாய் என்று சொல்ல நான் வாயே திறக்கவில்லை. அப்பா, "அந்த அம்மணி மேல போயிட்டாங்க. கீழ விடாதீங்க" என்றார். அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கல்யாண உடுப்பில் போவதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "எவ்வளவு அழகா நடக்கறா பாரு, உர்சுலா" என்றாள், மெதுவாக.

போன ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பிறகு, கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மா நேராகப் படிக்கட்டுப் பக்கம் போனாள். "எங்கம்மா?" என்றேன். "மேல போய் அவளைக் கூட்டிட்டு வரேன். இப்படியே விட்டுவைக்க முடியாது" என்றாள். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "மோராக், போகாத. நீ போனா, திரும்பி வர்றது யாரு?" "யாரு வந்தா என்னய்யா, டீ போட்டுக் குடுப்பா. முகத்தைத் தூக்கி வச்சுக்காம வாங்கிக் குடி" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மாடிக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிறகு நடை. ஒன்றல்ல, இரண்டு. நொண்டல் ஜன்னல் பக்கம் போனது, லேசானது கட்டிலருகே நின்றது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை இத்தனை குளிர்ந்து நான் தொட்டதில்லை. பிறகு நொண்டலும் நின்றது. நான் கையை விடுவித்துக்கொண்டு படிக்கட்டின் அடிக்குப் போனேன்.

அம்மா இறங்கினாள். படிகளில் கேட்டது நொண்டல்: அழுத்தமாக ஒன்று, தேய்த்துக்கொண்டு ஒன்று. தரைக்கு வந்ததும் அதே நடை, இடையில் நிற்காமல், அப்படியே சீராக மாறியது. சமையலறையைக் கடந்து அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அப்பா அழுதார், லாக்லன். அவர் அழுது நீ பார்த்திருக்கிறாயா? "வந்துட்டியா மோராக். ரெண்டு பேருமா இறங்கி வந்துட்டீங்க. இப்பதான் சரி" என்றார். அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தார்.

டெல்லாவுக்கும் பாதிரியாருக்கும் நான் சொல்லும் விளக்கம் ஒன்று இருக்கிறது, நல்ல விளக்கம். மூட்டு மாற்றியவர்கள் படியில் எப்படி நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தருவார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், மற்ற காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அடுத்த படி. படியில் அப்படி நடந்தால் எல்லோரும் நொண்டிதான். பழைய சத்தம் புதிய சத்தமாக மாறுவதை அப்பா ஒரே ஆளின் நடையில், முதல் முறையாக, தொடர்ந்து கேட்டார். இரண்டும் ஒருத்திதான் என்று அவர் காதுக்குப் புரிந்துவிட்டது. இதைக் கேட்டுப் பாதிரியார் தலையாட்டினார். என் வேலை அறிக்கையில்கூட எழுதலாம்.

உனக்கு மட்டும் மிச்சத்தைச் சொல்கிறேன். நான் படியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் கால்களைப் பார்த்தேன். அவள் அப்படி இறங்கவில்லை. கைப்பிடியைத் தொடாமல், ஒரு படிக்கு ஒரு காலாக, இருபது வயதுப் பெண்போல இறங்கினாள். நொண்டல் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. என் கண் முன்னால் நொண்டலே இல்லை.

இப்போது எல்லாம் நலம். மாத்திரை இல்லை, தூங்குகிறாள், டெல்லா வீடுவரை தனியாக நடந்து போய்வருகிறாள். பயிற்சிப் பெண் பிரமித்துப்போனாள். அப்பா அம்மாவைத் திட்டுகிறார், அவள் திருப்பித் திட்டுகிறாள். நேற்று, படுக்கையை மறுபடி மாடிக்கு மாற்றிவிடலாமா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். "மாத்திடலாம்டி. மேல இப்ப யாரும் இல்ல, பயப்படாத" என்றாள். பயம் என்று நான் சொல்லவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. லீவு கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கு. அம்மா உன்னைப் பார்க்க ஓடியே வருவாள், அது உனக்குப் புதிதாக இருக்கும். அவளைக் கட்டிக்கொள். நீ அவளுக்குச் செல்லப்பிள்ளை, உனக்குத் தெரியும். எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்றால், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதி. நான் நிம்மதியாக ஹாலிஃபாக்ஸ் திரும்பிவிடுவேன்.

உன் முழங்காலையும் மாற்றிக்கொள். வலியைத் தாங்கிக்கொண்டு வாழ்வதில் ஒரு பெருமையும் இல்லை, என் வேலை கற்றுத்தந்தது அதுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், காரணம் கேட்காதே. ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன், உன் வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் போய் நின்று, திரும்பி வெளியே வந்து, கதவைச் சாத்து. உன்னுடையது எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதே.

நான் ஜெபம் செய்கிறவள் இல்லை. இருந்தாலும் இதை எழுதும்போது என் வாய் முணுமுணுக்கிறது: ஆண்டவர் உன்னை முழுசாக, ஒரே ஆளாக, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
உர்சுலா