கசாயத்தைப் பற்றி அன்ரனிடம் சொல்லிவிட்டேன்

என் ரோசலீன், கொன்வென்ற் வகுப்பில் எனக்கு இடப்பக்கத்துக் கதிரைக்காரியே,

நீ கோபிக்கப்போகிற செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். உன் தம்பி அன்ரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இதை உன் கல்லறைக்கு வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்கள் இன்னமும் வெள்ளவத்தைக்கு வந்து என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். "ரோசலீன் டீச்சர்ர ஈரல் புற்றுநோயைச் சுகப்படுத்தின மருந்து இங்கதானே?" என்று கேட்கிறார்கள். சுகப்பட்டவளின் கல்லறைக்கு நான் ஏன் ஒவ்வொரு நவம்பரும் பூ வாங்குகிறேன் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஆகவே அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் அச்சில் எழுதுகிறேன்.

கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை. நுகேகொடைப் பக்கத்துச் சிங்கள வைத்தியர் சொன்னபடி மூன்றையும் இடித்து, மண்சட்டியில் இட்டு, தண்ணீர் எட்டில் ஒரு பங்காக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சினேன். அளவு பிசகியது என்று யாரும் சொல்ல முடியாது. என் கணவர் போனபின் எனக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு உன்னால் மறுபடி வேலை வந்தது.

பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினால், காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்குவார்கள். "மே மொகத்த, அம்மே?" இது என்ன என்று ஆமிக்காரன் பிளாஸ்கைத் தட்டிக் கேட்பான். மருந்து என்று சிங்களத்தில் சொல்வேன். நம்பமாட்டான், குடித்துக் காட்டச் சொல்வான். நான் மூடியில் ஊற்றி, முகம் சுளிக்காமல் குடிப்பேன். சுளித்தால் நஞ்சு என்று நினைத்துவிடுவானே! இதைக் கேட்டு நீ எப்படிச் சிரித்தாய்.

"அப்ப உன்ர ஈரல் பளிங்கு மாதிரி இருக்குமடி! எனக்குத் தாற மருந்தில பாதி உனக்குத்தானே போகுது."

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் வருகிற சத்தம் கேட்டால் பிளாஸ்க் உன் தலையணைக்குப் பின்னால் போய்விடும். ஏன் ஒளித்தோம்? எல்லா வீடுகளிலும் அப்படித்தான். டொக்டருக்குக் கசாயத்தைச் சொல்வதில்லை, வைத்தியருக்கு வாட்டைச் சொல்வதில்லை.

கட்டியைக் கண்டுபிடித்தபோதே உனக்கு வெட்டியெடுக்கும் நிலை தாண்டியிருந்தது. பிறகொரு நாள் கிளினிக்கில், அது முன்னையைவிடப் பெருத்திருக்கிறது என்று டொக்டர் நம் இருவருக்கும் சொன்னார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நீ என் கையைப் பிடித்தாய்.

"புவனா, அன்ரனுக்குச் சொல்லாதை. சுருங்குது எண்டு சொல்லு. அவன் நித்திரை கொள்ளுறானில்லை."

"நீயே சொல்லன்."

"நான் சொன்னா ஃபாதரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். நீ சைவக்காரி. உனக்கு அந்தக் கரைச்சல் இல்லைத்தானே?"

நான் சொன்னேன், நீ கேட்டபடியே. அன்ரனும் நித்திரை கொண்டான். அதற்காக இன்றைக்கும் வருந்தவில்லை. அந்தப் பொய் உன்னோடு சேர்ந்து அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அன்ரனுக்கும் அதே வியாதி, ரோசலீன். ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரச்செய்யும் ஒரு கிருமி உங்கள் இருவருக்கும் சிறு வயதிலேயே தொற்றியிருக்கலாமாம். போன மாதம் மகள் நிர்மலாவுடன் என்னிடம் வந்தான். அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள்; நெற்றி உன்னுடையதேதான். அன்ரனின் கையில் புறக்கோட்டை மருந்துக் கடைப் பொட்டலம்.

"காய்ச்சித் தாங்கக்கா. நானும் வீட்டில காய்ச்சிக் குடிச்சுப் பார்த்தன். உங்கட கைப்பதம் வருகுதில்லை."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

நிர்மலா முந்திக்கொண்டாள். "சின்னக் கட்டி, ஆன்ட்டி. ஓரமா இருக்கு. இப்ப வெட்டினா முழுசா எடுக்கலாமாம். இழுத்தடிச்சா ஏலாதாம்."

"வெட்டினா காத்துப் படும். காத்துப் பட்டா உடம்பெல்லாம் பரவும். எங்கட லேன் ஸ்டீபனை ஒப்பரேஷன் செய்துதானே கொண்டாங்க?"

"ஸ்டீபன் மாமா மோட்டார் சைக்கிள்ல விழுந்து செத்தவர், அப்பா."

"ஒப்பரேஷனுக்குப் பிறகுதானே விழுந்தவர்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்ரனின் அடுத்த வார்த்தையில் அது நின்றுவிட்டது. "அக்காவை வெட்டேல்லை. மூண்டு மாசம் எண்டாங்க, அவ ரெண்டு நத்தார்ப் பண்டிகை பார்த்தவ. கட்டி சுருங்கினது எண்டு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

நிர்மலா என்னைப் பார்த்தாள். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

"சுருங்கேல்லை, அன்ரன். வளர்ந்தது. உன்ர அக்காதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவள்."

பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அப்ப அந்த மருந்து ஒண்டுமே செய்யேல்லையா?" என்றான் கடைசியில்.

அதைக் குடித்த காலத்தில் நீ மறுபடி சோறு கேட்டாய், வலி சொல்லி முனகுவது குறைந்தது. கசாயம்தான் காரணமா, உன் பிடிவாதமா, வாட்டில் தந்த மருந்தா? காய்ச்சியவள் நான். கசாயம்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா?

நிர்மலாதான் நிதானமாக விளக்கினாள். புற்றுநோயின் உயிர்க்கலங்கள் சாக மறந்த கலங்களாம். ஆய்வுகூடங்களில் கண்ணாடித் தட்டில் அவற்றை வளர்த்து, இப்படிப்பட்ட மூலிகைச் சாறுகளை ஊற்றிப் பார்க்கிறார்களாம். சில சாறு பட்டதும் கலங்கள் பெருகுவது குறைந்து, தாமாகவே மடிந்துபோகின்றனவாம். ஈரலின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்றும் நினைக்கிறார்களாம்.

"அப்ப நல்லதுதானே?" என்றான் அன்ரன், முகம் மலர்ந்து.

"தட்டில நல்லது, அப்பா. தட்டுக்கு வயிறும் இல்லை, ரத்தமும் இல்லை. நீங்க குடிக்கிறதில எவ்வளவு உங்கட ஈரலுக்குப் போய்ச் சேரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது தெரியும்வரைக்கும் கட்டி காத்துக்கொண்டு இருக்காது."

அன்ரன் எழுந்தான். எனக்கு முகம் கொடுக்காமல் படியிறங்கிப் போனான். பொட்டலம் மேசையில் கிடந்தது. ரோசலீன், ஒரே நாளில் உன்னையும் அவனையும் இழந்தேன் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்துத் தொலைபேசி அடித்தது. அன்ரன் ஹலோ கூடச் சொல்லவில்லை.

"கசாயம் குடிச்சதை டொக்டரிட்டச் சொன்னனான். ஏசேல்லை. ரத்தம் உறையிறதில பிழை வரலாமாம், ஒப்பரேஷன் முடியுமட்டும் அதை நிப்பாட்டச் சொன்னவர். வாற புதன்கிழமை வெட்டுறாங்க."

"நான் வரட்டே, அன்ரன்?"

"வராம? நிர்மலா தனிய இருக்கிறதா? ஆனா அக்கா, உள்ளுக்குப் பார்த்திட்டு அவங்க உங்களிட்ட என்ன சொல்லுறாங்களோ, அதை எனக்கு அப்பிடியே சொல்லவேணும். சுருங்கினது வளர்ந்தது ஒண்டும் மாத்தப்படாது."

ஓம் என்றேன்.

புதன்கிழமை விடியும்போதே புறப்பட்டுவிடுவேன். வழியில் எத்தனை இடத்தில் இறக்கினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் கண் விழிக்கும்போது கட்டிலருகில் நான் இருப்பேன். நல்லதென்றால் நல்லது என்பேன். கெட்டதென்றால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெட்டது என்பேன். உன்னால் அது முடிந்திராது. அவனை நீ தூக்கி வளர்த்தவள். இந்த வாக்கை மீறமாட்டேன். இது உனக்கல்ல, அவனுக்குக் கொடுத்தது.

அன்ரனுக்கு மிஞ்சியிருக்கிற அக்கா,
புவனா
வெள்ளவத்தை