நாண் கட்டாத வில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நீ ஃபோன் எடுக்க மாட்டேங்கற, அதான் கட்டின பார்சலப் பிரிச்சு, வில்லுக்கு அடியில இந்தக் கடுதாசிய வைக்கிறேன்.

என் சேதி பெருசா ஒண்ணுமில்ல. காலேஜ விட்டப்புறம் சேந்த பெயிண்ட் கடையையும் விட்டாச்சு. இப்ப அப்பாகூட பட்டறையில மூங்கில் ஏணி கட்டறேன். என்னை 'காலேஜு'ன்னுதான் கூப்பிடறாரு. "காலேஜு, பாத்துப் புடி, படிச்ச கையில மூங்கில் சிலாம்பு ஏறிடப் போகுது"ம்பாரு. நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு உடம்பு தேறிடுச்சு. வாய் அதுக்கு முன்னாடியே தேறிடுச்சு.

வில்லு விஷயத்துக்கு வரேன். உன் பிள்ளைங்க ரெண்டுக்கும் அப்பா வில்லு செய்யறேன்னதும் போன வருஷம் ரெண்டு நூல் அனுப்பினியே, நெஞ்சுலேருந்து நீட்டின விரல் நுனி வரைக்கும் அளந்து. பெரியவனுக்கு நீலம், வாண்டுக்கு சிவப்பு. அம்பு அந்த அளவுக்கு மேல நாலு விரக்கடை நீளணும், குட்டையா இருந்தா பிள்ளை கையிலயே பாஞ்சிடும்னு அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. ஆபரேஷனால வேலை நின்னுச்சு. திரும்ப எடுத்தப்ப, "பிள்ளைங்க வளந்திருக்கும்டா, புது அளவு கேளு"ன்னாரு. மாமாகிட்ட கேட்டேன். ஒரு நூல்தான் வந்துச்சு. நீலம்.

வேற என்ன வரும். வாண்டு போய் மாசம் ஏழாச்சு. அப்பா நெஞ்சு தாங்காது, மூச்சு விடாதேன்னு நீ சொன்ன. நானும் விடல. அவரு இன்னொண்ணு எங்கன்னு கேட்டப்ப, கீழ்வீட்டு பிளம்பர் மகள கைய நீட்டச் சொல்லி, ஒரு சிவப்பு நூல்ல அளந்து கொண்டுபோய்க் குடுத்தேன். தனியா தபால்ல வந்துச்சுன்னேன். வாங்கி விரல்ல சுத்திப் பாத்தாரு. "சரி"ன்னாரு. அவ்ளோதான்.

ரெண்டு வில்லும் முடிஞ்சிடுச்சு. அடுப்பு அனல்ல காட்டி வளைச்சு, கண்ணாடித் துண்டால சீவி, கன்னத்துல தேச்சுப் பாத்தாரு. அம்பு முனைக்கு என் பழைய செருப்ப அறுத்து ரப்பர் ஒட்டியிருக்காரு, கேக்காமலே. நேத்து பார்சல் கட்ட உக்காந்தோம். பெரியவனோடத மட்டும் துணியில சுத்தினாரு. இன்னொண்ண எடுத்தேன். "அது இங்கயே இருக்கட்டும்"னாரு. அதோட அம்புல உன் பழைய சிவப்பு நூல வச்சுப் பாத்தேங்கா. பழைய அளவுலதான் வெட்டியிருக்காரு. பிள்ளை வளந்திருக்கும்னு ஒரு விரக்கடைகூடக் கூட்டல.

"இதுக்கு நாண் கட்டலையாப்பா?"ன்னேன். "இழுக்க ஆளில்லாத வில்லுக்கு நாண் கட்டக்கூடாது, காலேஜு"ன்னாரு. அப்புறம் நான் குடுத்த சிவப்பு நூலாலயே பார்சலக் கட்டி முடிச்சாரு. குழாயத் தெறந்து விட்டுட்டு நான் ரொம்ப நேரம் பாத்ரூம்லயே இருந்தேன்.

எப்பவோ தெரிஞ்சிருக்குக்கா. ஃபோன்ல பெரியவன் மட்டும் பேசினா அவருக்குப் புரியாதா? உனக்காகத் தெரியாத மாதிரி இருக்காரு. நீ அவருக்காக. நடுவுல நான் நூல் அளந்துட்டு இருக்கேன். என்னால முடியல.

வாண்டு வில்ல அவரு கட்டிலுக்கு மேல ஆணியில மாட்டியிருக்காரு. இப்ப அதுக்குக் கீழதான் படுத்திருக்காரு, செவுத்தப் பாத்து.

பெரியவன் வில்லுக்கு நாண் கட்டியே இருக்கு. மொதல்ல சும்மா இழுத்துப் பாக்கச் சொல்லு. அவன் நல்லா இருக்கணும், நெடுநெடுன்னு வளரணும், வருஷா வருஷம் அளவு மாத்தி எங்க உயிர எடுக்கணும்.

அப்பாவுக்கு ஒரு ஃபோன் போடுக்கா. நீ எதுவும் சொல்ல வேணாம். "அப்பா"ன்னு மட்டும் கூப்பிடு.

உன்
தம்பி