இந்தப் பட்டனைத் தைத்தது யார்?

ஜனவரி 9

அன்புள்ள தையல்காரருக்கு,

நான் சௌக்கியம். அத்தையின் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று எழுதுங்கள். மறுபடியும் டைப் அடித்த கடிதமா என்று முகம் சுளிக்காதீர்கள். ஆபீஸில் ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது. என் கோழிக்கிறுக்கலிலிருந்து உங்களுக்கு விடுதலை.

பார்சலில் என் சீருடைக் கோட்டு வருகிறது. ஆண்களுக்கு வெட்டியதைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு போட்டுக்கொள் என்கிறது ராணுவம். நீங்கள் சரிசெய்து கொடுத்த பிறகும் இப்போது தொளதொளக்கிறது. இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்து அனுப்புங்கள்.

சண்டை இந்தப் பக்கம் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறு விசேஷம் இல்லை. அடுத்த மாதக் கடைசியில் பத்து நாள் லீவு.

உங்கள்
வாயாடி


ஜனவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மாவுக்குக் கட்டு பிரித்தாயிற்று. கண் தெரிந்ததும் முதல் வேலையாக என் கடையில் தூசி இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

கோட்டு வந்தது. இரண்டு சந்தேகம். மேலிருந்து இரண்டாவது பட்டனும் நாலாவது பட்டனும் புதிதாகத் தைத்தவை. பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிக் கழுத்துக் கட்டியிருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள்தான் அப்படித் தைப்பார்கள். வலது கையில் மணிக்கட்டுப் பக்கம் நாலு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு துணி கொடுத்திருக்கிறது. என்ன ஆயிற்று?

சும்மா கேட்கிறேன். ஓய்வு கிடைக்கும்போது எழுது.

அன்புடன்
உன்னவன்


ஜனவரி 25

அன்புள்ள தையல்காரருக்கு,

மனைவியின் கடிதத்தைவிட கோட்டைத்தான் கவனமாகப் படிக்கிறீர்கள். வண்டிக் கதவில் மாட்டிக் கை கிழிந்தது, ஒட்டுப் போட்டோம். பட்டன் அறுந்தது, நானே தைத்தேன். உங்களோடு ஏழு வருஷம் குப்பை கொட்டியதில் இதுகூடவா கற்றிருக்க மாட்டேன்? சீக்கிரம் அனுப்புங்கள், இங்கே குளிர் வாட்டுகிறது.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 3

வாயாடிக்கு,

நீ தைத்தாயா? ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறவள் நீ. என் காதில் பூ சுற்றாதே.

நேற்று கோட்டை முழுக்க விரித்துப் பார்த்தேன். வண்டி ஓட்டுகிறவளின் கோட்டில் கிரீஸ் வாடை எங்கே? சோப்பு வாடைதான் வருகிறது. இடது முழங்கை மட்டும் மேஜையில் தேய்ந்து பளபளக்கிறது. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரிடம் காட்டினேன். தினம் நூறு சட்டை பார்க்கிற மனிதர். "இது வண்டி ஓட்டுறவங்க கோட்டு மாதிரி தெரியலையேண்ணே," என்றார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பரிலிருந்து உன் கையெழுத்தில் ஒரு வரி இல்லை. கடைசியில் போடுகிற பெயர்கூட டைப். யாரோ உன் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கிறார்கள், உன் பட்டனையும் தைக்கிறார்கள். யார் அந்த ஆள்? உண்மையைச் சொல்வதானால் லீவில் வீட்டுக்கு வா. பொய்யோடு வருவதானால் வர வேண்டாம்.

இப்படிக்கு
உன் கணவன்


பிப்ரவரி 11

உங்களுக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் ஆறாம் தேதி அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வரும்போது ரோட்டில் குண்டு விழுந்தது. என் வலது கையில் இப்போது கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருக்கின்றன. ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது என்று என்னை ஸ்டோர் ஆபீஸில் போட்டுவிட்டார்கள். இடது கையின் ஒற்றை விரலால் டைப் அடிக்கிறேன். பட்டன் தைத்த ஆள் சமையல்கூடத்துக் குண்டக்கா. அவள் அப்பா தையல்காரர். கோட்டு இங்கே இருந்தவரை தினம் காலையில் எனக்கு அதை மாட்டி, பட்டன் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

"புருஷன்கிட்ட சொல்லிடு. எத்தனை நாள் மறைப்ப?" என்று அவள் தினமும் கேட்டாள். நான்தான் பயந்தேன். நான் பட்டாளத்தில் சேர்வது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்போதே சொன்னேனே என்பீர்கள், வேலையை விட்டு வா என்பீர்கள் என்று பயந்தேன். மறைத்தது தப்புதான். கோட்டை உங்களிடமே அனுப்பியது அதைவிட முட்டாள்தனம்.

ஆனால் ஒன்று. வெட்டி எறிந்த நாலு அங்குலத் துணியைப் பார்த்தீர்கள். அதற்குள் ஒரு கை இருந்ததே, அது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? இஸ்திரிக்காரரிடம் காட்டி என்னை விசாரித்தீர்களே, எனக்கு அதுதான் ஆறவில்லை.

லீவுக்கு என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோட்டை அங்கே அனுப்பிவிடுங்கள், திரும்பி வேலைக்குப் போக வேண்டும். கூடக் கடிதம் வேண்டாம்.


பிப்ரவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இந்தக் கோட்டைப் போடுகிற விதம் மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் அனுப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு, அளவு டேப்பால் என் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டு என் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பட்டன் போட அரை மணி நேரம் ஆயிற்று. அழுகை வந்துவிட்டது. அம்மா வந்து பார்த்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவளுக்கு வலிக்குதான்னு கேட்டியாடா?" இல்லை என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, சாப்பாட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

கோட்டில் பட்டன் துளைகளை எல்லாம் தைத்து மூடிவிட்டேன். பட்டன்கள் மேலே பார்வைக்குத்தான். உள்ளே டிச் பட்டன் வைத்திருக்கிறேன், இடது கையால் அமுக்கினால் போதும். இன்ஸ்பெக்‌ஷனில் எந்த மேஜரும் கண்டுபிடிக்க மாட்டார். வலது கையின் உள்பக்கம் மெத்தென்று ஃபிளானல் கொடுத்திருக்கிறேன். ஒட்டுப் போட்ட துணியை நான் பிரிக்கவில்லை. குண்டக்காவின் தையல் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அவளிடம் சொல்.

இஸ்திரிக்காரரிடம் போய் நான்தான் மடையன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலையை விடு என்று சொல்ல மாட்டேன். வா என்று கூப்பிடுகிற உரிமையும் இப்போது எனக்கு இல்லை.

நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். வலிக்கிறதா?

உன்னவன்